ஒழுகும் கார்புரேட்டர்: குக்கரைப் பழகியவருக்கு இதுவும் புரியும்

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் வண்டி நிறுத்துமிடத்தை, காலை ஷிஃப்ட்டுக்கு எல்லோரும் உள்ளே போனபிறகு ஒருமுறை சுற்றி வந்தால் தரையில் சில கறைகள் கண்ணில் படும். வண்டியின் நடுப்பகுதிக்கு நேர்கீழே, உள்ளங்கை அகலத்தில், ஓரம் மட்டும் அழுத்தமாகத் தெரியும் கறை. என்ஜின் ஆயில் சொட்டியிருந்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று கிடக்கும். இது அப்படி இல்லை. பெட்ரோல் சொட்டி, ஆவியாகி, தன்னோடு கொண்டுவந்த அழுக்கை மட்டும் விட்டுப்போன இடம். அங்கே நிற்பது அநேகமாகப் பழைய ஸ்ப்ளெண்டராக இருக்கும். இல்லையென்றால் ஒரு சிடி 100, ஒரு மேக்ஸ் 100, யாரோ ஆசையாக வைத்துக் காப்பாற்றும் ஆர்எக்ஸ் 100.

2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து கார்புரேட்டரோடு புதிய வண்டி வருவது ஏறக்குறைய நின்றுபோனது. இன்று ஷோரூமில் எடுக்கும் வண்டியில் சென்சார்கள் அளந்து சொல்ல, இஞ்செக்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆனால் ஓவர்லாக் டெய்லரும், கைமடிக்கு வருபவரும், பவர்டேபிள்காரரும் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் பல அதற்கு முந்தியவை. 1985-ல் வந்த சிடி 100-உம் ஆர்எக்ஸ் 100-உம், 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரும் அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் இன்னமும் ஓடுகின்றன. அவற்றின் கார்புரேட்டர் ஒழுகினால் பலர் செய்வது, ஒழுகட்டும் என்று விட்டுவிடுவது. மிச்சப் பேர் கடைக்காரர் சொன்னபடி முழு கார்புரேட்டரையும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

ஒழுகட்டும் என்று விடுபவருக்கு ஒரு கணக்கு. பெட்ரோல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சிறியது. ஒரு மில்லிக்கு ஏறத்தாழ ஐம்பது துளி. நொடிக்கு ஒரு துளி விழுந்தால் மணிக்கு 72 மில்லி. எட்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அரை லிட்டருக்கு மேல் போயிருக்கும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் பையிலிருந்து தினமும் ஐம்பது ரூபாய் தரையில் போகிறது. பணத்தைவிட நெருப்பு பெரிய விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாற்றிவிடுபவருக்குச் சொல்வதற்கு அடுப்படிக்குப் போக வேண்டும். குக்கரைப் பழகியவர், ஆவி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மூடியின் விளிம்பில் சீறினால் காஸ்கெட் போய்விட்டது. விசில் வராமல் வெயிட்டுக்கு அடியில் ஓயாமல் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தால் ஆவிக்குழாயின் வாயில் பருப்புத் தோலோ சோற்றுப் பருக்கையோ சிக்கியிருக்கிறது. வெயிட் சரியாக உட்காரவில்லை. சேஃப்டி வால்வு போய்விட்டதென்றால் அந்த வால்வைத் திட்டமாட்டார். ஆவி போகும் வழி எங்கே அடைத்தது என்று தேடுவார். 1679-ல் டெனி பாப்பின் லண்டனில் ஆவிப் பாத்திரத்தைக் காட்டிய நாளிலிருந்து இந்தப் பண்டத்தின் இயல்பு மாறவில்லை. மேற்சொன்ன மூன்று கோளாறில் எதற்கும் நம் வீடுகளில் குக்கரைத் தூக்கிப் போடுவதில்லை.

கார்புரேட்டரிலும் இதே மூன்று உறுப்புகள் இருக்கின்றன. வெயிட் உட்காரும் இடத்தில் ஃப்ளோட் நீடில். காஸ்கெட் இருக்கும் இடத்தில் பவுல் காஸ்கெட். சேஃப்டி வால்வுக்கு ஓவர்ஃப்ளோ குழாய். ஒழுகல் இந்த மூன்றில் எதன் வழியாக வருகிறது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோல் போகும் வழியைப் பார்ப்போம். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. நடுவில் பம்பு கிடையாது. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி, டேப்பைக் கடந்து, ரப்பர் ட்யூப் வழியாகக் கார்புரேட்டரின் அடியில் மாட்டியிருக்கும் பவுலுக்கு வருகிறது. பவுலில் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது. பழைய வண்டிகளில் பித்தளை, பிந்தியவற்றில் பிளாஸ்டிக். ஃப்ளோட் ஒரு சின்னக் கம்பியை அச்சாகக் கொண்டு ஏறி இறங்கும். அதன் கையில் சிறு நாக்கு ஒன்று நீண்டிருக்கும். நாக்கின் மேல் நீடில் நிற்கும். பெட்ரோல் மட்டம் ஏற ஏற ஃப்ளோட் ஏறும், நாக்கு நீடிலை மேலே தள்ளும், நீடிலின் கூம்பு முனை பித்தளை சீட்டில் போய் அமர்ந்து வரவை நிறுத்தும். என்ஜின் பெட்ரோலைக் குடித்து மட்டம் இறங்கினால் நீடில் கொஞ்சம் விலகி, குடித்த அளவை உள்ளே விடும்.

குக்கர் வெயிட்டுக்கும் இதற்கும் வேலை தலைகீழ். அழுத்தம் கூடினால் வெயிட் திறக்கும். மட்டம் கூடினால் நீடில் மூடும். வெயிட் மேலிருந்து கீழே அமர்கிறது, நீடில் கீழிருந்து மேலே அமர்கிறது. ஆனால் இரண்டின் உயிரும் ஒரே இடத்தில்தான்: ஒரு முனையும் ஒரு துளையும் இடைவெளி இல்லாமல் பொருந்துவதில்.

இங்கே ஒரு கணக்கு, இந்தக் கோளாறின் சுபாவத்தை எனக்குப் புரியவைத்தது. குக்கருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ. கார்புரேட்டரில் எவ்வளவு? டேங்கில் உள்ள பெட்ரோல் மட்டத்துக்கும் நீடிலுக்கும் உயர வித்தியாசம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, அடர்த்தி முக்கால் பங்குக்குப் பக்கம். அப்படியானால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 22 கிராம்தான், குக்கரில் உள்ளதில் நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே. சீட்டின் துளை 2 மில்லிமீட்டர் என்றால் பெட்ரோல் நீடிலை நெட்டும் விசை ஒரு கிராம் எடைக்கும் குறைவு! இத்தனை மெல்லிய தள்ளுதலை நிறுத்த, ஃப்ளோட்டின் மிதப்பு விசை தாராளமாகப் போதும். அதனால்தான் நீடிலையும் ஃப்ளோட்டையும் இவ்வளவு சின்னதாகச் செய்ய முடிந்தது. ஆனால் அதே காரணத்தால் நீடிலுக்கும் முரட்டு பலம் கிடையாது. முனைக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு துருத்துகள் வந்து நின்றால் அதை நசுக்கி மூட அந்த ஃப்ளோட்டால் முடியாது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று அரை லிட்டர் பெட்ரோலைத் தரையில் கொட்டுவது இப்படித்தான். இதைப் புரிந்துகொண்டால் கார்புரேட்டரை மாற்றும் யோசனை தானாகவே பின்னுக்குப் போகும்.

பவுலில் மட்டம் ஏன் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? என்ஜின் காற்றை இழுக்கும்போது, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. பவுலில் இருக்கும் பெட்ரோல் ஜெட் என்னும் சிறு துளை வழியாக அங்கே ஏறித் தூறலாகிறது. 1893-ல் ஐரோப்பாவில் ஹங்கேரியின் பாங்கி, சோங்கா இருவரும், ஜெர்மனியின் மேபாஹும் தனித்தனியே இந்தத் தெளிப்பு முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அடிப்படை இன்றுவரை அதுதான். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுதாக எரிவதற்கான விகிதம். பவுலில் மட்டம் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே பெட்ரோல் சுலபமாக ஏறி விகிதம் கெட்டுவிடும். பிளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும், காலையில் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலிக்கும். வெளியே ஒழுகத் தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே நீடில் இப்படி அறிகுறி காட்டிக்கொண்டிருக்கும்.

இனி தேடுவோம். பட்டறையில் இந்தப் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

"அண்ணா, வண்டிய நிறுத்துனா பெட்ரோல் ஒழுகுதுங்ணா."

"சைடு ஸ்டாண்ட்ல போட்டா ஒழுகுதா, நேரா நிறுத்துனாலும் ஒழுகுதா தம்பி?"

"அதப் பாக்கலீங்ணா."

"மொதல்ல அதப் பாத்துட்டு வா."

நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வி அது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும்போது பவுலில் பெட்ரோலும் ஒருபக்கமாகச் சாயும், ஃப்ளோட்டின் கோணம் மாறும். நேராக நிற்கும்போது ஒட்டி மூடிக்கொண்டிருந்த தேய்ந்த நீடில், சாய்ந்ததும் கசியும். சாய்ந்தால் மட்டும் ஒழுகுகிறது என்றால் கோளாறு இன்னும் முற்றவில்லை; நீடிலும் ஃப்ளோட் மட்டமும் சந்தேகத்துக்குரியவை. நேராக நின்றும் ஒழுகினால் எல்லா வழியையும் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள திறந்த இடம் தேவை. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேப்பை மூடி, கார்புரேட்டரின் வெளிப்புறத்தை உலரத் துடையுங்கள். பிறகு நம் ஊரில் எந்தக் கட்டிங் டேபிளிலும் கிடைக்கும் மார்க்கிங் சாக்கை எடுத்து ட்யூப் மாட்டும் மூக்கு, பவுல் சேரும் விளிம்பு, அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூ ஆகிய இடங்களில் லேசாகத் தேய்த்துவிட்டு டேப்பைத் திறவுங்கள். பெட்ரோல் பட்ட சாக் உடனே நிறம் மங்கும். ஐந்து, பத்து நிமிடம் பொறுத்தால் வழி தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: பெட்ரோல் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று நம்பாதீர்கள். அது மேலே கசிந்து, உடம்போடு ஒட்டி ஓடி, கீழ்முனையில் வந்து துளியாகும். ஈரம் தொடங்கும் உச்சியைத் தேடுங்கள். டேங்க் டேப்பின் வாசர் போயிருந்தால்கூட பெட்ரோல் ட்யூபின் வெளிப்புறமாக இறங்கிக் கார்புரேட்டரில் சொட்டும். கார்புரேட்டருக்குக் கெட்ட பேர் வரும். ட்யூப் வெடித்திருந்தால் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டுவதைவிடப் புதிதாகப் போடுவது நல்லது. மலிவான விஷயம், இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

பவுல் விளிம்பில் ஈரம் தொடங்கினால் காஸ்கெட். கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் நின்றுவிடும் என்று ஸ்க்ரூவைத் திருகுவது எல்லோருக்கும் வரும் ஆசை. வேண்டாம். பவுல் மெல்லிய அலாய். ஒரு மூலையில் அழுத்தி முடுக்கினால் விளிம்பு வளைந்து வேறொரு மூலையில் திறக்கும். ஸ்க்ரூ மரையும் பிய்ந்துவிடும். குக்கரில் காஸ்கெட் இறுகிப்போனபின் கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் ஆவி நிற்பதில்லை, இங்கும் அப்படியே. புதிது போடுங்கள், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

இந்தக் காஸ்கெட்டிலும் ஓ-ரிங்கிலும் அண்மைக்காலமாகப் புதிய தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் நாடு முழுக்க 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 விற்பனை தொடங்கியது. 2025-ல் 20 சதவீதக் கலப்பே நாடெங்கும் வழக்கமானது. 1990-களின் வண்டியில் போட்ட ரப்பர் இதை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. சில ரப்பர்கள் உப்பும், உலர்ந்தபின் சுருங்கி வெடிக்கும். பவுலைக் கழற்றினால் காஸ்கெட் அது இருந்த பள்ளத்தைவிட நீளமாகி மறுபடி உள்ளே உட்கார மறுப்பதை மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு பல வாரம் நின்ற வண்டியில் டேங்க் துருவும், பவுலின் அடியில் வெள்ளைப் பூ பூக்கும். அந்தத் துருவும் பூவும்தான் போய் நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவே நிற்பவை. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர் இ20-க்குத் தாங்கும் ரப்பரில் செய்த காஸ்கெட், ஓ-ரிங், ட்யூப் என்று கேட்டு வாங்க வேண்டும். பல நீடில்களின் முனையும் ரப்பர் வகைதான். விட்டான் என்ற ரப்பர் வகையில் முனையுள்ள நீடில் பொதுவாக நன்றாகத் தாங்குகிறது.

இப்போது முக்கியமான இடம்: ஓவர்ஃப்ளோ குழாய். பல கார்புரேட்டர்களில் பவுலின் நடுவே அல்லது ஓரத்தில் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் மேல்வாய் சரியான மட்டத்துக்குச் சற்று மேலே. கீழ்வாய் பவுலுக்கு வெளியே, ஒரு ட்யூப் வழியாகத் தரையை நோக்கி. மட்டம் எல்லை மீறினால் மிச்சம் இதன் வழியாக வெளியே போகும். ஒழுகும் வண்டிகளில் நாம் அதிகம் பார்ப்பது இந்த வழியைத்தான். குழாய் ஒழுகுகிறது என்று அதன்மேல் கோபப்படக் கூடாது. அது சேஃப்டி வால்வு. தன் வேலையைச் செய்கிறது. நீடில் மூடவில்லை என்பதே அது சொல்லும் செய்தி.

இந்த ட்யூபை மடித்துக் கம்பியால் கட்டிவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூவைச் சொருகி அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒழுகல் நின்றுவிடும், உண்மை. ஆனால் பெட்ரோல் வருவது நிற்கவில்லை. பவுல் நிரம்பி, ஜெட் வழியாக ஏறி, கழுத்தில் வழிந்து, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போகும். ஸ்ப்ளெண்டர், சிடி 100 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் அங்கிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துவிடும், நீர்த்த ஆயிலில் ஓடும் என்ஜின் பேரிங்கையும் கேம் ஷாஃப்டையும் தின்னும். சிலிண்டர் நிறையப் பெட்ரோல் நிற்கும்போது கிக்கரை ஓங்கி மிதித்தால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும், ஏனென்றால் திரவம் அமுங்காது. சேஃப்டி வால்வுக்கு ஈயம் ஊற்றி அடைத்துவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்ற எந்த வீட்டிலாவது சம்மதிப்பார்களா? வெகுநாள் ஒழுகிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஒழுகலைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ஓவர்ஃப்ளோ வழியாக வருகிறது என்று தெரிந்தபின் கழற்றுவதற்கு முன் செய்து பார்க்க ஒன்று உண்டு. டிரெயின் ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு டப்பாவைப் பிடித்து, டேப்பைத் திறந்தபடியே ஸ்க்ரூவைத் தளர்த்திச் சில நொடி ஓடவிடுங்கள். பவுல் காலியாகும், ஃப்ளோட் முழுதாக இறங்கும், நீடில் அகலத் திறக்கும், பெட்ரோல் பாய்ந்து வந்து துகளை அடித்துக்கொண்டு போகும். மூடியபின் ஒழுகல் நின்றால், துகள்தான். டப்பாவில் பிடித்த பெட்ரோலில் செம்மண் நிறத்தில் தூள் படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் டேங்கில் துரு. டேப்பின் வலையைக் கழுவாமல், டேங்கைச் சுத்தம் செய்யாமல் வேறு எது செய்தாலும் அடுத்த வாரம் இதே ஒழுகல் வரும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பவுலை மெல்லத் தட்டுவதும் ஒட்டிக்கொண்ட ஃப்ளோட்டை விடுவிக்கும். வழியில் நின்றுபோனவர் வீடு வந்து சேர அது உதவும், அவ்வளவுதான்.

நிற்காவிட்டால் பவுலைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் தன் எடையால் நீடிலை மூடும். பெட்ரோல் வரும் மூக்கில் சுத்தமான புது ட்யூப் துண்டை மாட்டி வாயால் மெல்ல ஊதுங்கள். காற்று போகக் கூடாது. ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் தாராளமாகப் போக வேண்டும். மூடியபோதும் கசிந்தால் நீடிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூம்பில் வளையமாக ஒரு கோடு விழுந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஆர்எக்ஸ் 100-இல் வரும் மிக்குனி வகைக் கார்புரேட்டரில் சீட்டைக் கழற்றலாம், அடியில் ஒரு வாசரும் உண்டு. நீடிலையும் சீட்டையும் ஜோடியாக மாற்றுவதே முறை, ஏனெனில் தேய்ந்த சீட்டில் புது நீடிலும் சீக்கிரம் கோடு வாங்கும். நீடிலை சீட்டில் வைத்து சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பித்தளை நசுங்கும், துளை வட்டமிழக்கும். யார் செய்தாலும் தடுங்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் அதில் பெட்ரோல் புகுந்துவிட்டது, இனி அது மிதக்காமல் முங்கும். பித்தளை ஃப்ளோட் என்றால் வெளியே ஒரு பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, வெந்நீரில் முக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். அதை ஈயம் வைத்து ஒட்டுவது ஒருகாலத்தில் வழக்கம். உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும் பொருளில் சூடு வைப்பது ஆபத்து, புதிது வாங்குங்கள். ஃப்ளோட்டின் உயரம் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொன்று. கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து, நீடிலின் பின்பக்க ஸ்பிரிங் அமுங்காமல், நாக்கு அதைத் தொட்ட நிலையில் அளக்க வேண்டும். பிளாஸ்டிக் நாக்கை வளைக்க முயலாதீர்கள், முறியும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓவர்ஃப்ளோவில் சொட்டு நிற்கவில்லையா? அப்போது குழாயையே சந்தேகிக்கலாம். நின்றுகொண்டிருக்கும் அந்தப் பித்தளைக் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுவதுண்டு. மட்டம் சரியாக இருந்தாலும் வெடிப்பு வழியாக இறங்கும். கழற்றிய பவுலில், குழாயின் மேல்வாய்க்குக் கொஞ்சம் கீழே வரை பெட்ரோல் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். சொட்டினால் முதலில் டிரெயின் ஸ்க்ரூவின் முனையைச் சுத்தம் செய்து மறுபடி முடுக்குங்கள், பல வண்டிகளில் இரண்டுக்கும் வெளிவாய் ஒன்றுதான். அப்புறமும் சொட்டினால் குழாய். இந்தச் சோதனையைச் செய்யாததாலேயே நீடிலை இரண்டு மூன்று முறை மாற்றிச் சலித்தவர்கள் உண்டு.

திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கட்டிங் வேஸ்ட் துணிதான் பல ஊர்ப் பட்டறைகளில் கை துடைக்க, கிரீஸ் துடைக்க, என்ஜின் துடைக்கப் பயன்படுகிறது. எண்ணெயை உறிஞ்சுவதில் பருத்திப் பின்னலாடைக்கு ஈடு கிடையாது. ஆனால் வெட்டின ஓரத்தில் அது நூல் உதிர்க்கும், பஞ்சும் உதிர்க்கும். அதே துணியால் கார்புரேட்டரின் உட்புறத்தை, அதிலும் நீடில் சீட்டைத் துடைத்தால் ஓர் இழை உள்ளே தங்கிவிடும். ஒரு கிராம் எடைக்கும் குறைவான விசையை நிறுத்தப் போராடும் நீடிலுக்கு அந்த இழை போதும், கசியவைக்க. சுத்தம் செய்த மறுநாளே ஒழுகல் திரும்பிவிட்டது என்று வருத்தப்படுபவர்களில் பலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பனியன் துணியால் துடையுங்கள். உள்ளே துணியே படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரோ சுத்தமான பெட்ரோலோ ஊற்றிக் கழுவி, கம்ப்ரெசர் காற்றால் ஊதி உலர்த்துங்கள். கிளீனர் அடிக்குமுன் ரப்பர் உறுப்புகளைக் கழற்றிவிடுங்கள், அது ரப்பரைக் கெடுக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் கண் போகும். ஏர் ஃபில்டரையும் கையோடு பாருங்கள். நிட்டிங் யூனிட்டின் வாசலில் தினம் நிற்கும் வண்டியின் ஃபில்டரில் பஞ்சு அடைவது வேகம்.

இத்தனையும் செய்து நீடில், சீட், காஸ்கெட், ஓ-ரிங் புதிதாகப் போட்டால், வண்டியோடு வந்த கார்புரேட்டர் மறுபடி பல வருடம் உழைக்கும். மறைமலைநகர் யுகால் ஆலையில் மிக்குனி தொழில்நுட்பத்தில் செய்தவை போன்ற பழைய கார்புரேட்டர்களின் வார்ப்பும் கடைசலும் நேர்த்தியானவை. பேர் தெரியாத டூப்ளிகேட் கார்புரேட்டரை வாங்கி மாட்டினால் ஒழுகல் நிற்கலாம், ஆனால் ஜெட் அளவு பொருந்தாமல் ஸ்டார்ட்டிங்கும் மைலேஜும் போகும். உடம்பே வெடித்திருந்தால், ஸ்லைடு தேய்ந்து ஆடினால், மரை எல்லாம் பிய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

இனி நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போகாது, தரையோடு படர்ந்து போய்த் தாழ்வான மூலையில் தேங்கும். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. திருப்பூரின் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. ஒரே அறை, மூலையில் அடுப்பு, திருட்டுக்குப் பயந்து இரவில் வாசற்படிக்கு உள்ளேயே ஏற்றி நிறுத்தும் வண்டி. அந்த வண்டி ஒழுகினால் ஆவி தரையோடு அடுப்பை நோக்கித்தான் போகும். விடியற்காலையில் முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப, எழுந்ததும் லைட்டைப் போட்டு அடுப்பைப் பற்றவைக்கும் வீடு அது. வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், கதவைத் திறந்து வண்டியை வெளியே தள்ளுங்கள், பிறகு மற்றது. கம்பெனிகளிலும் பீஸ் துணி அடுக்கிய குடோனுக்குள், அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த விடாதீர்கள். பருத்தியும் பெட்ரோலும் ஓரிடத்தில் இருக்கக் கூடாதவை.

பழைய வண்டிகளில் டேங்கின் அடியில் ஒரு டேப் வைத்திருப்பது நிறுத்தும்போது மூடுவதற்குத்தான். மூடினால் நீடில் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பவுலில் மிஞ்சியதைத் தவிர ஒழுக ஒன்றும் இருக்காது. ரிசர்வுக்குத் திருப்ப மட்டுமே அதைத் தொடுகிறோம். நீடில் வாங்க நாளாகலாம், மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைதான் கையில் கிடைப்பார். அதுவரைக்கும், சரிசெய்த பிறகும், வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்த டேப்பை மூடிவிட்டு வீட்டுக்குள் போங்கள்.